45 வயதுக்கு மேல் இரண்டாவது வீடு: நீண்டகாலக் கடன் வாங்க முழுமையான வழிகாட்டி

48 வயதில் 40 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டுத் தவணை. மாதம் 34,713 ரூபாய் இஎம்ஐ. வங்கி மேலாளர் தாளில் எழுதிக் காட்டும்போது சமாளிக்கக்கூடிய தொகையாகத்தான் தெரியும். ஆனால் 60 வயதில், கடைசி சம்பளம் வாங்கும் மாதத்தில், இந்தக் கடனில் இன்னும் 24 லட்சம் ரூபாய்க்கு மேல் பாக்கி இருக்கும். 12 ஆண்டுகள் ஒரு மாதம் கூடத் தவறாமல் கட்டியிருந்தாலும் அதுதான் நிலை. தனியார் ஊழியருக்கு வரியில்லாமல் கிடைக்கும் கிராஜுவிட்டியின் உச்சவரம்பே 20 லட்சம்தான்.

நடுவயதில் கடன் கிடைக்காது என்று பலர் பயப்படுகிறார்கள். சம்பளம் உச்சத்தில் இருக்கும் வயது என்பதால் வங்கிகள் தாராளமாகவே தருகின்றன. கவலைப்பட வேண்டியது 60-க்குப் பிறகு அதை யார் கட்டுவது என்பதைப் பற்றி. இந்த வழிகாட்டி முழுவதும் என் நிலைப்பாடு ஒன்றுதான்: காலத்தை நீளமாகவே கேட்டு வாங்குங்கள், ஆனால் ஓய்வு பெறும் நாளுக்குள் முடிக்கிற கணக்கை முதல் நாளே போட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் வீடு வாங்குபவரை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

படி 1: வீடு எதற்கு?

சொந்த ஊரில் பிற்காலத்தில் குடியேறவா, பிள்ளை படிக்கும் ஊரில் தங்கவா, வாடகைக்கு விடவா? இதை முதலில் முடிவு செய்யுங்கள். வரிக் கணக்கும் கடன் தொகையும் இதைப் பொறுத்தே மாறும்.

வாடகையை வைத்து இஎம்ஐ கட்டிவிடலாம் என்ற கணக்கு மட்டும் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வீட்டுக்கு நம் ஊர்களில் சுமார் 12,000 முதல் 15,000 வரைதான் வாடகை வரும். மேலே சொன்ன இஎம்ஐயில் பாதிகூட இல்லை. நடுவில் ஓரிரு மாதம் வீடு காலியாகக் கிடக்கும், பெயின்ட் அடிக்க வேண்டும், மோட்டார் பழுதாகும். வாடகையை உபரியாக நினையுங்கள். இஎம்ஐ உங்கள் சம்பளத்திலிருந்தே போக வேண்டும்.

படி 2: கடன் எந்த வயதில் முடிய வேண்டும்?

ஒவ்வொரு வங்கிக்கும் உச்ச வயது ஒன்று உண்டு. ஸ்டேட் வங்கியின் வழக்கமான வீட்டுக் கடனில் 70 வயதுக்குள் கடன் முடிய வேண்டும், காலம் அதிகபட்சம் 30 ஆண்டுகள். சம்பளக்காரர்களுக்கு 60 அல்லது 65-லேயே நிறுத்தும் வங்கிகளும் உண்டு. ஓய்வூதியம் வருபவர்களுக்குக் கூடுதல் காலம் கிடைக்கலாம். ஓய்வூதிய ஆணையோ, பென்ஷன் உண்டு என்பதற்கான அலுவலகக் கடிதமோ கேட்பார்கள். சுயதொழில் செய்பவர்களுக்கு ஓய்வு வயது என்று ஒன்று இல்லாததால் பெரும்பாலும் 65, 70 வரை போகலாம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். அதே 40 லட்சத்தை 12 ஆண்டில் முடிப்பதாக எடுத்தால் இஎம்ஐ 44,400 ரூபாய், மொத்த வட்டி சுமார் 24 லட்சம். 20 ஆண்டு என்றால் இஎம்ஐ 34,713, மொத்த வட்டி 43 லட்சத்துக்கு மேல். வட்டியை மட்டும் பார்த்தால் 12 ஆண்டுதான் லாபம். ஆனாலும் 20 ஆண்டு வாங்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 50 வயதுக்கு மேல் வேலை போனால் அடுத்த வேலை கிடைக்கத் தாமதமாகும். மகள் கல்யாணம், அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் இதே பத்தாண்டில்தான் வந்து நிற்கும். கட்டாயமாகக் கட்ட வேண்டிய தொகை சிறிதாக இருந்தால் அந்த மாதங்களில் மூச்சு விடலாம். மற்ற மாதங்களில் கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம். தனிநபர்கள் வாங்கும் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த உரிமையை நம்பித்தான் இந்தத் திட்டமே.

எப்படி அடைப்பது? எளிய வழி, இஎம்ஐயை ஆண்டுக்கு 5 சதவீதம் உயர்த்துவது. முதல் ஆண்டு 34,713, அடுத்த ஆண்டு 36,450 என்று போனால், வட்டி 8.5-லேயே இருப்பதாக வைத்துக்கொண்டால், 20 ஆண்டுக் கடன் 12 ஆண்டும் இரண்டு மூன்று மாதமும் ஆகும்போது முடிந்துவிடும். 48 வயதில் தொடங்கியவர் 60 தாண்டிய கையோடு கடனில்லாமல் நிற்பார். பன்னிரண்டாம் ஆண்டில் இஎம்ஐ 59,000-ஐத் தாண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சம்பள உயர்வு நின்றுபோகும் துறையில் இருப்பவர்கள் 5 சதவீதத்துக்குப் பதில் ஆண்டுக்கு ஒரு இஎம்ஐ கூடுதலாகக் கட்டலாம். அப்படிச் செய்தால் கடன் ஏறக்குறைய பதினாறரை ஆண்டில் முடியும். 60-க்குள் முடிய அது மட்டும் போதாது. போனஸ், முதிர்வடையும் எல்ஐசி பாலிசி என்று இடையில் வரும் தொகைகளையும் கடனில் போட வேண்டும்.

உங்கள் வயதுக்கும் கடனுக்கும் இதே கணக்கை எக்செல்லில் போடுங்கள். 60-ல் பாக்கி எவ்வளவு என்று பாருங்கள். பி.எஃப். பணத்தைத் தொட்டால்தான் அடைக்க முடியும் என்று வந்தால் வீட்டின் விலை உங்கள் சக்திக்கு மேல் இருக்கிறது. விலை குறைந்த வீட்டைத் தேடுங்கள்.

படி 3: வங்கி எவ்வளவு தரும்?

கையில் வரும் சம்பளத்தில் ஏறக்குறைய பாதி வரை எல்லா இஎம்ஐகளும் சேர்ந்து போகலாம் என்பது பல வங்கிகளின் கணக்கு. சம்பளம் கூடக்கூட இந்த விகிதமும் கொஞ்சம் கூடும். கையில் 1,20,000 வாங்குபவருக்கு 60,000. முதல் வீட்டுக் கடனுக்கு 18,000, காருக்கு 9,000 போனால் மிச்சம் 33,000. இந்த 33,000-க்கு 20 ஆண்டில் சுமார் 38 லட்சம் கிடைக்கும்; 60 வயதோடு நிறுத்தி 12 ஆண்டுதான் என்றால் 30 லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் கிடைக்கும். கார் கடன் முடிய ஆறேழு மாதம்தான் பாக்கி என்றால் அதை முடித்துவிட்டு விண்ணப்பியுங்கள். தகுதித் தொகை சட்டென்று கூடும்.

மனைவியோ கணவரோ சம்பாதித்தால் இணை விண்ணப்பதாரராகச் சேர்ப்பது நல்லது. அவர் வயது குறைவாக இருந்து வருமானமும் இருந்தால் காலமும் நீளலாம். பெண் முதல் விண்ணப்பதாரராகவும் உரிமையாளராகவும் இருந்தால் வட்டியில் சிறு சலுகை தரும் வங்கிகள் பல.

வேலைக்குப் போகும் மகனையோ மகளையோ சேர்த்தால் 25, 30 ஆண்டு கிடைக்கும் என்று வங்கியிலேயே சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம். அந்தக் கடன் முழுவதும் பிள்ளையின் சிபில் அறிக்கையிலும், அதாவது கடன் வரலாற்றிலும், ஏறும். நாலைந்து ஆண்டு கழித்து அவர்கள் தங்களுக்கென்று வீட்டுக் கடன் கேட்கும்போது இந்த இஎம்ஐயைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போடுவார்கள். பெற்றோருக்காகக் கையெழுத்துப் போட்டு 27 வயதிலேயே தகுதியை இழக்கும் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. சேர்த்தே ஆக வேண்டுமென்றால் விஷயத்தை முழுதாகச் சொல்லி, சம்மதம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: கையிலிருந்து எவ்வளவு போகும்?

வீட்டு மதிப்பில் எத்தனை சதவீதம் கடன் தரலாம் என்று ரிசர்வ் வங்கி வரம்பு வைத்திருக்கிறது: 30 லட்சம் வரையிலான கடனுக்கு 90 சதவீதம், 30 முதல் 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் பொதுவாக இந்த மதிப்பில் சேராது.

50 லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய வீடு என்று வையுங்கள். கடன் 40 லட்சம், உங்கள் பங்கு 10 லட்சம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 4.5 லட்சம். பில்டரிடமிருந்து முதல் விற்பனையாக வாங்கும் புதிய ஃபிளாட்டுக்குத் தீர்வை குறைவு. இன்னும் கட்டி முடியாத ஃபிளாட் என்றால் 5 சதவீத ஜிஎஸ்டி வரும்; நிறைவுச் சான்று வாங்கிய பிறகு விற்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. இவற்றோடு வங்கியின் பரிசீலனைக் கட்டணம், வக்கீல் ஃபீஸ், மதிப்பீட்டாளர் ஃபீஸ், பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்ததைப் பதிவு செய்யும் எம்ஓடி செலவு, தரகர் கமிஷன். பெயின்ட், கிரில் கேட் வேலைக்கும் கொஞ்சம் ஒதுக்கினால் 16, 17 லட்சம் கையில் வேண்டும். இதில் குறையும் தொகைக்குப் பர்சனல் லோன் போடுவது நடுவயதில் செய்யவே கூடாத காரியம்.

இன்னொன்று: விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால், விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதத்தைப் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்டும் பொறுப்பு வாங்குபவருடையது. விற்பவர் வெளிநாட்டில் வாழும் இந்தியர் என்றால் பிடித்தம் இதைவிட அதிகம், நடைமுறையும் வேறு. ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

படி 5: சிபில்

விண்ணப்பிக்க மூன்று மாதம் முன்பே அறிக்கையை எடுத்துப் பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தர வேண்டும். மதிப்பெண் 750-க்கு மேல் இருந்தால் நல்ல வட்டி பேசலாம். நம் வயதில் வரும் சிக்கல் பெரும்பாலும் பழையது: எப்போதோ தம்பிக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து, முடித்தும் மூடப்படாமல் நிற்கும் நகைக் கடன், பயன்படுத்தாத கிரெடிட் கார்டின் ஆண்டுக் கட்டணப் பாக்கி. தவறு இருந்தால் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

படி 6: பத்திரங்களைப் படியுங்கள்

வங்கி வக்கீல் பார்த்துவிட்டார் என்பதோடு நிம்மதியாகிவிடாதீர்கள். அவர் வங்கியின் கடனுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்க்கிறார். உங்களுக்காகப் பார்க்க ஒரு வக்கீலைத் தனியாக வையுங்கள். கட்டணத்துக்கு யோசிக்காதீர்கள்.

வில்லங்கச் சான்றை நீங்களே பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 30 ஆண்டுக்குப் போடுங்கள். ஒவ்வொரு பதிவிலும் ஆவணத்தின் தன்மை, எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், கைமாறிய தொகை, சர்வே எண், விஸ்தீரணம் எல்லாம் இருக்கும். கிரயம் கிரயமாகச் சங்கிலி போல் போக வேண்டும்: இந்தப் பதிவில் எழுதி வாங்கியவரே அடுத்ததில் எழுதிக் கொடுத்தவராக இருக்க வேண்டும். நடுவில் பெயர் மாறினால் செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, உயில், வாரிசுச் சான்று ஏதாவது ஒன்று அதை இணைக்க வேண்டும். ‘உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு’ என்று ஒரு பதிவு இருந்தால் விற்பவரோ அவருக்கு முன்னால் இருந்தவரோ வங்கியில் கடன் வாங்கியிருக்கிறார் என்று பொருள். அதற்குப் பின்னால், கடன் அடைந்ததைக் காட்டும் ‘இரசீது’ என்று ஒரு பதிவு வந்திருக்கிறதா என்று தேடுங்கள். வராவிட்டால், கடனை அடைத்துவிட்டேன் என்று வாயால் சொல்வதற்கு மதிப்பில்லை. கிரய ஒப்பந்தம் ஒன்று பதிவாகி ரத்தாகாமல் நின்றாலும் அப்படித்தான், முதலில் அதை ரத்து செய்யச் சொல்லுங்கள்.

அடுத்து பட்டா. பத்திரத்தில் உள்ள அளவும் பட்டாவில் உள்ள அளவும் புலப்படத்தில் (நில அளவை வரைபடம்) உள்ள அளவும் ஒத்துப்போக வேண்டும். விற்பவர் பெயருக்கே பட்டா மாறியிருக்க வேண்டும். கூட்டுப் பட்டா என்றால் மற்றவர்கள் யார் என்று கேளுங்கள். ஃபிளாட் என்றால் பிரிக்கப்படாத நிலப் பங்கு எத்தனை சதுர அடி என்று பத்திரத்திலேயே இருக்க வேண்டும். மனைக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அங்கீகாரம், புதிய அடுக்குமாடித் திட்டத்துக்கு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் வேண்டும். கட்டட வரைபட அனுமதியில் இரண்டு தளம் என்று இருந்து தரையில் மூன்று தளம் நின்றால் மூன்றாவதற்கு வங்கி மதிப்புப் போடாது.

சொந்த ஊரில் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. விவசாய நிலத்தில் கட்டிய பண்ணை வீட்டுக்கு வழக்கமான வீட்டுக் கடன் கிடைப்பது அரிது. கிராம நத்தத்தில் உள்ள வீட்டுக்குச் சில வங்கிகள் தயங்கும். அந்த ஊர்க் கிளையிலேயே விசாரியுங்கள். பஞ்சமி நிலம் (ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அரசு ஒதுக்கிய நிலம்), கோயில் நிலம் என்று சிறு சந்தேகம் வந்தாலும் விலகிவிடுங்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் என்றால் மலைப்பகுதிக் கட்டட அனுமதி விதிகள் தனி. அனுமதி நகலைக் கையில் வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

படி 7: வட்டியைப் பேசுங்கள்

2019 அக்டோபர் 1-க்குப் பிறகு வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) போன்ற வெளி அளவுகோலோடு இணைந்தவை. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மாற்றம் உங்களுக்கு வந்து சேர வேண்டும். வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை; அவர்கள் தங்கள் சொந்த அடிப்படை விகிதத்தைப் பயன்படுத்துகிறார்கள். நடுவயதில் ஆவணம் கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் அவர்கள் கடன் தருவார்கள் என்பது வசதிதான். ஆனால் ரெப்போ குறையும்போது உங்கள் வட்டி எவ்வளவு வேகமாகக் குறையும் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

வட்டி ஏறினால் என்ன ஆகும் என்பதை 2022 கற்றுத் தந்தது. 4 சதவீதமாக இருந்த ரெப்போ, 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது. 7 சதவீதத்தில் 40 லட்சத்தை 20 ஆண்டுக்கு வாங்கியவரின் இஎம்ஐ 31,012. வட்டி 9.5 ஆனால் முதல் மாத வட்டி மட்டுமே 31,667. பழைய இஎம்ஐயையே கட்டினால் அசல் குறையாது, கூடும். பல வங்கிகள் இஎம்ஐயைத் தொடாமல் காலத்தை நீட்டின. 35 வயதுக்காரருக்கு அது தள்ளிப்போடுதல். 50 வயதுக்காரருக்கு 60-க்கு மேல் கடன். இதற்குப் பிறகுதான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, வட்டி மாறும்போது இஎம்ஐயைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்வு செய்யும் உரிமையைக் கடன்தாரருக்குக் கொடுக்கச் சொன்னது. ஆகவே கடன் வாங்கும்போதே எழுத்தில் கொடுங்கள்: வட்டி ஏறினால் இஎம்ஐயைக் கூட்டுங்கள், காலத்தை நீட்டாதீர்கள். வட்டி குறைந்தால் பழைய இஎம்ஐயே தொடரட்டும்.

கையெழுத்துக்கு முன் ‘முக்கிய விவர அறிக்கை’யைக் கேளுங்கள். 2024 அக்டோபர் முதல் எல்லாச் சில்லறைக் கடன்களுக்கும் அதைத் தர வேண்டும். எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டுச் சதவீதம் அதில் இருக்கும். இரண்டு வங்கிகளை ஒப்பிட அந்த எண்ணைப் பயன்படுத்துங்கள், விளம்பர வட்டியை விட்டுவிடுங்கள்.

அவசரகாலப் பணம் ஐந்தாறு லட்சம் வைத்திருப்பவர்கள் ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக் கடனையும் விசாரிக்கலாம். உபரிப் பணத்தை அந்தக் கணக்கில் போட்டு வைத்தால் அத்தனைக்கும் வட்டி ஓடாது, தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம். வட்டி சற்றுக் கூடுதல் என்றாலும் நடுவயதுக்கு ஏற்ற வகை என்பது என் கருத்து.

படி 8: வரி

இரண்டு வீடுகள் வரை சொந்தக் குடியிருப்பாகக் காட்டலாம். வாடகை வந்திருந்தால் எவ்வளவு என்று போடும் கற்பனை வாடகைக்கு வரி இல்லை. பழைய வரி முறையில் அந்த இரண்டுக்கும் சேர்த்தே வட்டிக் கழிவு 2 லட்சம்தான். முதல் வீட்டுக் கடனுக்கே 2 லட்சம் ஆகிவிட்டால் இரண்டாவதால் கூடுதல் பயன் இல்லை. புதிய முறையில் சொந்தக் குடியிருப்புக்கு வட்டிக் கழிவே இல்லை.

வாடகைக்கு விட்டால் கணக்கு வேறு. மாதம் 13,000 வாடகை, ஆண்டுக்கு 1,56,000. வீட்டு வரி 6,000 போனால் 1,50,000; அதில் சட்டம் அனுமதிக்கும் நிலையான கழிவு 30 சதவீதம் போனால் 1,05,000. முதல் ஆண்டு வட்டி சுமார் 3,37,000. ஆக 2,32,000 நஷ்டம். பழைய முறையில் 2 லட்சத்தைச் சம்பளத்திலிருந்து கழித்து, மீதியை எட்டு ஆண்டு வரை கொண்டுபோகலாம். புதிய முறையில் வட்டியைக் கழித்த பிறகு இந்த வாடகைக்கு வரி வராது, அவ்வளவுதான். நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. வரிச் சலுகைக்காக இரண்டாவது வீடு வாங்கும் காலம் முடிந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

படி 9: காப்பீடு

கடனோடு சேர்த்து ஒரே பிரீமியத்தில் ஒரு பாலிசியை நீட்டுவார்கள். 50 வயதில் அந்தப் பிரீமியம் பெரிது. அதையும் கடனில் சேர்த்தால் அதற்கும் வட்டி கட்டுவீர்கள். தனியாக ஒரு டேர்ம் பாலிசியின் (குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் ஆயுள் காப்பீடு) விலையைக் கேட்டு ஒப்பிடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால் குடும்பத்துக்குப் பணம் கிடைக்காமல் போகலாம். இந்த வீட்டையும் சேர்த்து உயிலைப் புதுப்பித்துவிடுங்கள்.

படி 10: கடனை முடிக்கும் நாள்

கடைசித் தவணை கட்டியதும் வேலை முடிந்ததாக நினைத்துப் பத்திரத்தை வாங்கிப் பீரோவில் வைத்துவிடுகிறவர்கள் நிறைய. அசல் பத்திரங்களை 30 நாளுக்குள் வங்கி திருப்பித் தர வேண்டும். தாமதத்துக்கு வங்கி காரணம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு. கடன் வாங்கும்போது வங்கி தந்த ஆவணப் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வாங்குங்கள். நிலுவை இல்லை என்ற கடிதம் கையோடு வேண்டும்.

பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் ‘இரசீது’ ஆவணம் பதிவாக வேண்டும். வங்கி அதிகாரியின் கையெழுத்து இதற்குத் தேவை, அதனால் பத்திரம் வாங்கும் நாளிலேயே தேதி கேட்டு வையுங்கள். ஓரிரு வாரம் கழித்து வில்லங்கச் சான்று போட்டு அந்தப் பதிவு ஏறியிருக்கிறதா என்றும், சிபிலில் கணக்கு மூடப்பட்டதாகக் காட்டுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.